காஞ்சிப் பட்டு: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக்கடைக்குள் நுழைந்தாலும் முதலில் நடப்பது ஒன்றுதான். விற்பனையாளர் புடவையை உதறி விரித்து, முந்தானையை உங்கள் தோளில் போட்டு, கண்ணாடிப் பக்கம் திருப்பி நிறுத்துவார். "உங்க கலருக்கு எடுப்பா இருக்கு, பாருங்கம்மா" என்பார். எடுப்பாகத்தான் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை மின்னாத கடை அந்த ஊரில் கிடையாது. மனம் அங்கே போய்விடுமுன் புடவையைத் தோளிலிருந்து எடுங்கள். மேசைமேல் போட்டு, உள்பக்கம் மேலே வரும்படி திருப்புங்கள். முடிந்தால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். நாம் கொடுக்கும் விலையில் நெசவுக்கு எவ்வளவு போனது, மினுமினுப்புக்கு எவ்வளவு போனது என்பது உள்பக்கத்தில்தான் தெரியும்.

முந்தைய அத்தியாயங்களில் பருத்திப் புடவைகளைப் பார்த்தோம். அங்கே ஏமாந்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். பட்டில் அது பல ஆயிரம். ஏமாறாமல் இருக்கத் தெரிந்துகொள்வது பாதிதான். நல்ல வேலையைக் கண்டவுடன் அடையாளம் கண்டு, அதற்குரிய கூலியை மனம் கோணாமல் கொடுக்கத் தெரிந்துகொள்வது மறுபாதி. இந்த அத்தியாயம் இரண்டுக்கும்தான் என்றாலும், எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

கரை சேரும் இடம்

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று இருக்கும் புடவையை இரண்டு வழியில் நெய்யலாம். எளிய வழியில், குறுக்கு நூலான ஊடையைச் சுமக்கும் ஒரே நாடா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடும். பாவில், அதாவது நீளவாட்டு நூல்களில், கரைக்கு அரக்கு நூலும் உடலுக்குப் பச்சை நூலும் போட்டிருப்பார்கள். ஊடை முழுக்கப் பச்சை. உடல் சுத்தமான பச்சையாக வரும். கரையிலோ அரக்குப் பாவும் பச்சை ஊடையும் கலந்துவிடும். சாய்த்துப் பார்த்தால் அரக்குக்கு அடியில் பச்சை அடிக்கும்.

இன்னொரு வழி கோர்வை. இதில் நாடா மூன்று. இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. கரைக்குப் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் கரை அதே அரக்காக நிற்கும். கரை ஊடையும் உடல் ஊடையும் சந்திக்கிற கோட்டில், ஒவ்வொரு இழைக்கும், ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். உள்பக்கத்தில் அந்தக் கோட்டின்மேல் விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். மெல்லிய தடிப்பு ஒன்று விரலில் தட்டும். உற்றுப் பார்த்தால் இரண்டு நிற நூலும் சின்னச் சின்னதாக முறுக்கிக்கொண்டு ஏறுவது தெரியும். இதுதான் கோர்வைக்கு முதல் சாட்சி. தாழம்பூ ரேக்கோ கோபுரக் கரையோ போட்ட புடவையில் இதே கோடு பல் பல்லாக ஏறி இறங்கும். கரை நூல் உடலுக்குள் சில இழை நுழைந்து, படிப்படியாகப் பின்வாங்கினால்தான் அந்தக் கோபுரம் எழும்பும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் இந்த வேலையை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழித்தறியில் நெசவாளர். அவருக்கு இடப்பக்கம் ஒரு சிறு பலகையில் அவர் மனைவி. நெசவாளர் மிதியை மிதித்து உடல் நாடாவை வீசுவார். அது கரை தொடங்கும் இடத்தில் நிற்கும். உடனே அந்த அம்மா கரை நாடாவைப் பாவுக்குள் கையாலேயே நுழைத்து, உடல் நூலை அணைத்து வாங்கித் திருப்பி விடுவார். வலக்கரையை நெசவாளரே பார்த்துக்கொள்வார். பிறகு அச்சுப் பலகையை இழுத்து ஓர் அடி. இவ்வளவும் சேர்ந்தால்தான் புடவையில் ஓர் ஊடை இழை ஏறும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஏறியாக வேண்டும். "ஒரு எழ விட்டுப்போச்சுன்னா ரேக்குப் பல்லு ஒடஞ்சு நிக்கும்மா. கட் பண்ணி ஒட்ட முடியாது, பிரிச்சுத்தான் ஆகணும்" என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல்.

இரண்டு பேர் உழைப்பு ஒரு புடவையில் இருக்கிறது என்பதை விலை கேட்கும்போது நினைவில் வையுங்கள். ஒரு காலத்தில் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தது பெரும்பாலும் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குறைந்த விலைக்குக் கோர்வை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அந்த வயதுப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். நல்லது நடந்திருக்கிறது. அதன் விளைவு, கோர்வைக்கு இப்போது முழு வயதுள்ள இன்னொரு ஆளின் கூலி சேர வேண்டும். "அந்தக் காலத்துல எங்க அம்மா கல்யாணத்துக்கு எவ்வளவு மலிவா வாங்கினாங்க தெரியுமா" என்று பேரம் பேசும் முன் இதை யோசிக்கலாம்.

கூலி கட்டுப்படியாகாததால் பல தறிகளில் கோர்வை நின்றுபோனது. சென்னையில் தான் நிறுவிய கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அருண்டேல் தறி போட்டு, அகலமான பழைய கோர்வைக் கரைகளை மறுபடி நெய்ய வைத்தார். "கலாக்ஷேத்ரா புடவை" என்ற பெயர் இன்றும் கடைகளில் புழங்குவது அதனால்தான். பெரும்பாலான கடைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டுவது கோர்வை அல்லாத, வெறும் பெரிய கரைப் புடவை. உள்பக்கத்தைத் திருப்பினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

முந்தானை தொடங்கும் இடம்

அடுத்துப் பார்க்க வேண்டியது உடல் முடிந்து முந்தானை தொடங்கும் கோடு. கரையின் நிறத்திலேயே முந்தானையும் வர வேண்டும் என்றால், உடலின் பாவு அங்கே முடிந்து, வேறு நிறப் பாவு தொடங்க வேண்டும். இதற்குச் செய்வதுதான் பெட்னி. முந்தானைக்கான புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகக் கையால் இணைப்பார்கள். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டு பாவும் சேர்ந்து குறுகிய பட்டை அளவு நெய்ததும் பழைய பாவை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு புதுப் பாவு மட்டும் ஓடும்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த இடத்தை இரு விரலுக்கு நடுவில் பிடித்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிடச் சற்றுத் தடித்திருக்கும். உள்பக்கத்தில் வெட்டிய நூல் முனைகள் வரிசையாகத் தெரியும். பலர் இதைப் பிசிறு என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். நல்ல பெட்னிக்கு அதுதான் அடையாளம். பெட்னி போடாத புடவையில் உடல் பாவே முந்தானைக்குள்ளும் ஓடும். ஊடையை மட்டும் மாற்றியிருப்பார்கள். முந்தானை இரட்டை நிறமாகத் தெரிவது அதனால்.

இரட்டை நிறமே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று வேண்டுமென்றே கலந்து நெய்யும் மயில் கழுத்து நிறமும் மாந்துளிர் நிறமும் காஞ்சிபுரத்தின் பெருமைகள். உடல் முழுக்க அப்படி வந்தால் அது நெசவாளர் விரும்பிச் செய்தது. கரையிலும் முந்தானையிலும் மட்டும் அரைகுறையாக வந்தால் வேலையைக் குறைத்தது. வேலை குறைந்த புடவையை வாங்கலாம். கோர்வை, பெட்னிக்கு உரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஜரிகை

கடைகளில் அதிகக் குழப்பமும் அதிக ஏமாற்றும் நடப்பது ஜரிகையில். அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. எடையில் பெரும்பங்கு உலோகம். அதில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. "சுத்தத் தங்க ஜரிகைம்மா" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் மற்ற வார்த்தைகளையும் சந்தேகத்தோடு கேளுங்கள். ஜரிகைக்குப் பெயர்போன ஊர் சூரத். காஞ்சிபுரத்திலேயே 1971இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஜரிகை தருகிறது. நெசவாளர்கள் ஜரிகையை மார்க் கணக்கில் பேசுவார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். புடவைக்கு இத்தனை மார்க் என்று ஜரிகை போவதால்தான் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் புடவை விலையும் ஏறுகிறது.

அசலுக்கு அடுத்தபடி டெஸ்டட் ஜரிகை. செப்புக் கம்பியே அதில் பிரதானம். அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை, உலோகப் பூச்சுக் கொண்ட மெல்லிய இழை. மூன்றும் புதிதாக இருக்கும்போது கண்ணுக்கு ஒன்றுபோலவே படும். ஏன், பிளாஸ்டிக் ஜரிகைதான் எல்லாவற்றையும்விடப் பளீரென்று இருக்கும். வேறுபாடு வருடங்கள் போகப் போகத்தான் தெரியும். வெள்ளி ஜரிகை நிறம் அடங்கி, பழைய நகைபோல் ஒரு மங்கல் பொன்னிறத்துக்கு வரும். கறுத்தாலும் தெரிந்தவர் கையில் ஓரளவு மீளும். செப்பு ஜரிகை கறுத்தால் கறுத்ததுதான். பிளாஸ்டிக் கறுக்காது. ஆனால் விறைத்து நிற்கும், மடிப்பில் உடையும், கழுத்தை உறுத்தும்.

வாங்கும் இடத்தில் சோதிக்க ஒரு வழி உண்டு. முந்தானை முனையில் குஞ்சம் கட்ட விட்டிருக்கும் நூலிலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையைக் கடைக்காரர் அனுமதியோடு உருவுங்கள். நகத்தால் சுரண்டினால் சுற்றியிருக்கும் கம்பி பிரிந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். அசலில் அது சிவப்புப் பட்டு நூலாக இருக்கும். சிவப்பைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். போலி செய்கிறவர்களுக்கும் சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த நூலைத் தீயில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரண்டு கெட்டிப்படும். புடவைப் பட்டுக்கும் இதே சோதனைதான். உலோகத்தில் வெள்ளி எவ்வளவு என்று துல்லியமாக அறிய எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் வேண்டும். துணிக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அது சொல்லிவிடும். பெரிய தொகைக்கு வாங்கும்போது அந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்டட் ஜரிகை என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் ஒரு பிழையும் இல்லை. வெள்ளி விற்கிற விலைக்கு எல்லோராலும் அசல் ஜரிகை வாங்க முடியாது. குறைந்த பணத்தில் காஞ்சிப் பட்டு வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, ஜரிகையைக் குறையுங்கள், நெசவைக் குறைக்காதீர்கள் என்பதுதான். ஜரிகையே இல்லாமல், நூல் கரையோடு, கோர்வை போட்ட புடவைகள் இருக்கின்றன. கொட்டடிக் கட்டமோ பாலும் பழமுமோ போட்டு, உறுத்தாத எடையில், பத்து வருடம் கழித்தும் அலுக்காத புடவை அது. ஜரிகை கண்ணைப் பறிக்காத இடத்தில் நெசவாளரின் கை நன்றாகத் தெரியும்.

கைத்தறியா, விசைத்தறியா

இதற்கு ஒற்றை அடையாளம் கிடையாது. பல சின்ன அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கைத்தறியில் நாடா போய்த் திரும்புவதால் ஊடை நூல் ஓரத்தில் வளைந்து உள்ளே வரும். ஓரம் மூடியிருக்கும். ரேப்பியர் வகை விசைத்தறியில் ஒவ்வொரு ஊடையும் தனித்தனியாக வெட்டப்படும். ஓரத்தில் வெட்டிய நூல் முனைகள் சீராக நிற்கும், அல்லது மடித்து உள்ளே செருகியிருக்கும். அதைப் பார்த்தால் கைத்தறி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மூடிய ஓரத்தைப் பார்த்துக் கைத்தறிதான் என்று உறுதி சொல்ல முடியாது, நாடா ஓடும் பழைய வகை விசைத்தறியிலும் ஓரம் மூடியே வரும்.

பிறகு ஊசித் துளைகள். நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்காமல் இருக்க, இரு ஓரத்திலும் ஊசி குத்திக் குறுக்கே ஒரு குச்சியை விறைப்பாக நிறுத்துவார்கள். அதை நகர்த்தி நகர்த்தி நெய்வதால் ஓரத்தில் மெல்லிய துளைகள் விட்டு விட்டு இருக்கும், இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக. கூடவே புட்டாக்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒரு புட்டாவிலிருந்து அடுத்ததற்கு நூல் நீளமாகத் தாவிப் போனால் அது வளையலிலும் மெட்டியிலும் மாட்டும். உள்ளே வலைத்துணி வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித் தார் வைத்து நெய்திருந்தால் பின்பக்கமும் முன்பக்கம்போலவே சுத்தமாக இருக்கும். அந்த வேலைக்குக் கூடுதல் கூலி நியாயம்.

கைத்தறி என்றாலே குறை இருக்கும் என்று சொல்லி, குறையுள்ள புடவையைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. கட்டத்தின் அளவு மயிரிழை முன்பின் ஆவது கை வேலை. ஊடை விட்டுப்போய் வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரிவது, ரேக்கில் பல் உடைந்திருப்பது, முடிச்சு மேலே வந்து நிற்பது எல்லாம் குறைதான். நல்ல நெசவாளர் அவற்றைத் தன் தறியிலிருந்து இறங்க விடமாட்டார். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, முழு நீளத்தையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கூடவே, நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் கரையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் முதல் மழையிலேயே உடல் முழுக்கக் கரைச் சாயம்தான்.

முத்திரைகள் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. சில்க் மார்க், 2004 முதல் மத்தியப் பட்டு வாரியத்தின் துணையோடு நடப்பது. அது சொல்வது "இது தூய பட்டு" என்பதை மட்டும். விசைத்தறியில் ஓடிய தூய பட்டுக்கும் அந்தச் சீட்டு கிடைக்கும். 2006இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்லும். ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது, அது ஊரைச் சொல்லும். ஆக, மூன்று சீட்டும் மூன்று வெவ்வேறு கேள்விக்குப் பதில். ஒன்றைக் காட்டி மற்ற இரண்டையும் நம்பச் சொன்னால் நம்பாதீர்கள். ஜரிகைக்குச் சீட்டை மட்டும் நம்பாமல் பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. "கைத்தறி, தூய பட்டு, இன்ன ஜரிகை" என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டியதில்லை.

சில சேலை வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தும் விசைத்தறிப் புடவை கைத்தறி என்று விற்கப்படுகிறது. கடைசிக் காவல் வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

தறிக்காரர் வீட்டில்

காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு நெசவாளர் வீட்டிலேயே மலிவாக வாங்கலாம் என்ற ஆசை இருக்கும். தறியில் இருக்கும் புடவை பெரும்பாலும் அவருடையதே அல்ல. பாவும் ஜரிகையும் சங்கமோ முதலாளியோ கொடுத்தது, நெசவாளருக்குக் கூலி மட்டும். அதை விலை கேட்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். பார்க்கப் போங்கள், கற்றுக்கொள்ளப் போங்கள். ஈரக் கையோடு பாவைத் தொடாதீர்கள். கேட்காமல் டிசைனைப் படம் எடுக்காதீர்கள். வாங்குவதற்குக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, 1935இல் தொடங்கிய அமைப்பு. தீபாவளி போன்ற பருவங்களில் அங்கே தள்ளுபடியும் கிடைக்கும். விளம்பரம் செய்யும் பெரிய கடைகளின் அலங்காரம் சங்கங்களில் இருக்காது. திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உங்களுக்கென்று நெய்து வாங்க நினைத்தால் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாவில் சாதாரணமாக மூன்று புடவை வரும். ஒரே ஒரு புடவைக்காகத் தனி நிறத்தில் பாவு போடச் சொன்னால் மிச்சப் பாவின் செலவும் உங்கள் தலையில் விழும். அக்கா தங்கைகள், ஓரகத்திகள் மூன்று பேர் சேர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். பாவு ஒரே நிறமாக இருந்தாலும் ஊடையை மாற்றி மூன்று புடவையையும் மூன்று நிறத்தில் இறக்கலாம். வாடாமல்லிப் பாவில் ஒருவருக்கு நீல ஊடை, ஒருவருக்கு மஞ்சள், ஒருவருக்கு அதே வாடாமல்லி என்று கேட்டால் தறிக்காரருக்கே உற்சாகம் வந்துவிடும்.

நிறத்தை வாயால் சொல்லாதீர்கள், துணித் துண்டோ நூலோ கொடுங்கள். எம்.எஸ். நீலம் என்றால் கூட ஆளுக்கொரு நீலம் காட்டுவார்கள். நாளையும் தாராளமாகக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். ஈரக் காற்றில் பாவு நூல் சொன்னபடி கேட்காது. பல வீடுகளில் தறி நின்றுவிடும். தைக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் போய் நிற்பவர்களுக்கு யாரோ அவசரமாக முடித்த புடவைதான் கிடைக்கும். ஆடியிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில்

ஃபால்ஸ் தைக்கும் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அது சுருங்கி, புடவை ஓரம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். கட்டிக் கழற்றிய புடவையை உடனே மடிக்காமல் நிழலில் சில மணி நேரம் காற்றாட விடுங்கள். வியர்வை ஈரம்தான் ஜரிகையின் முதல் எதிரி. சென்ட்டை உடம்பில் அடித்துக் காய்ந்த பிறகு புடவை கட்டுங்கள். இஸ்திரி போடுவதானால் உள்பக்கமாக, மேலே மெல்லிய துணி போட்டு.

பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். பழைய வெள்ளை வேட்டித் துணி போதும். நாப்தலீன் உருண்டை ஜரிகைமேல் படக் கூடாது. வசம்போ கிராம்போ துணியில் முடிந்து ஓரமாக வைக்கலாம். கனத்த ஜரிகைப் புடவையைக் கம்பி ஹேங்கரில் தொங்க விடாதீர்கள், தன் எடையாலேயே இழுபடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். பட்டுப்புடவை பெரும்பாலும் கிழிவது மடிப்புக் கோட்டில்தான். ஜரிகை கறுத்துவிட்டால் புளி, எலுமிச்சை என்று வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். பட்டு போய்விடும்.

தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று குரல் கேட்கும். அவர்கள் வாங்குவது வெள்ளிக்காக. புடவையை எரித்து, உலோகத்தைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பாட்டியின் கூறைப்புடவை கிழிந்து கட்ட முடியாமல் போயிருக்கலாம். அதன் கரையில் இருக்கும் இருதலைப் பட்சியோ, ரெட்டைப்பேட்டோ, ரேக்கின் அளவோ இன்று எந்தத் தறியிலும் இல்லாமல் இருக்கலாம். பழைய கரைகள் மீண்டும் தறி ஏறியது, யாரோ ஒருவர் பழைய புடவையைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை காஞ்சிபுரம் போகும்போது எடுத்துப் போய், சங்கத்திலோ தறியிலோ, கோர்வை தெரிந்த ஒரு நெசவாளரிடம் விரித்துக் காட்டுங்கள்.